மது மீட்புக் குழுவுக்கு முதன்முறை செல்பவருக்கு

புது நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில் குடிப்பழக்கம் கைமீறிப் போவது பலருக்கும் நேர்கிறது. தனி அறையும் இரவுப் பணியும், கண்டித்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லாத நிலையும் சேர்ந்து, வார இறுதியில் மட்டும் இருந்த பழக்கத்தை அன்றாடப் பழக்கமாக்கிவிடுகின்றன. நிறுத்த வேண்டும் என்று மனம் சொல்லியும் யாரிடம் போவதென்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. நீண்ட நாட்களாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர், குழுவில் சேரும் உறுதியோடு ஒரே நாளில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மதுவுக்குப் பழகிப்போன நரம்பு மண்டலம் அது திடீரென நின்றதும் கட்டுப்பாட்டை இழக்கிறது. கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கி, சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்து மனக்குழப்பமும் இல்லாதவை கண்ணில் தெரிவதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் குடித்தால்தான் கை நடுங்காமல் இருக்கும் என்ற நிலையில் இருப்பவர் முதலில் மருத்துவரைப் பார்த்து, குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்லாமல் உள்ளபடி சொல்ல வேண்டும்.

பெரும்பாலான நாடுகளில் எளிதில் கண்டடையக்கூடியவை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. குழுக்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் ஒருவருக்கொருவர் துணைநின்றதில் தொடங்கிய இந்த அமைப்பு, இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் இயங்குகிறது. நீங்கள் வசிக்கும் நாட்டின் ஏ.ஏ. இணையதளத்தில் ஊர், கிழமை, நேரம் வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். தொலைபேசியில் அழைத்தால், தாமும் குடியிலிருந்து மீண்ட தன்னார்வலர் ஒருவரே பெரும்பாலும் பேசுவார். பட்டியலில் ‘மூடிய கூட்டம்’ என்றிருந்தால் அது குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டுமானது. ‘திறந்த கூட்டம்’ என்றிருந்தால் மனைவியையோ நண்பரையோ உடன் அழைத்துச் செல்லலாம். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் உண்டு. ஆண்கள் நிறைந்த அறையில் பேசத் தயங்கும் பெண்கள் அவற்றிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

நம்மவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? ஏ.ஏ. குழு உறுப்பினர் பதிவேடு வைத்துக்கொள்வதில்லை, முழுப் பெயரோ முகவரியோ வேலையிடமோ கேட்பதில்லை, முதற்பெயர் போதும். அங்கே கண்டவரையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது அனைவரும் காக்கும் நெறி. அறையில் இன்னொரு தமிழர் இருந்தால், அவரும் உங்களைப் போலவே உதவி தேடி வந்தவர்தான். இருந்தும் மனம் ஒப்பவில்லையென்றால் சற்றுத் தொலைவிலுள்ள வேறு பகுதிக் கூட்டத்துக்குச் செல்லுங்கள், அல்லது இணையவழிக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கூச்சத்தின் பொருட்டு இடத்தை மாற்றிக்கொள்ளலாம். நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். தொடக்கத்தில் சிறு வாசிப்பு இருக்கும். பின்னர் ஒவ்வொருவராகத் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். ஒருவர் பேசுகையில் குறுக்கே அறிவுரை சொல்லும் வழக்கம் பொதுவாக இல்லை. உங்கள் முறை வரும்போது பெயரை மட்டும் சொல்லி, இன்று கேட்க வந்திருக்கிறேன் என்றால் போதும்; அந்நாட்டு மொழி தடுமாறுகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. நடுவே காணிக்கைக் கூடை சுற்றி வரும். வாடகை, தேநீர் போன்ற செலவுகளை உறுப்பினர்களே ஏற்பதற்கான ஏற்பாடு அது. புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. பத்து நிமிடம் முன்பே சென்று, நாற்காலி அடுக்குபவரிடம் முதன்முறை வருவதாகச் சொல்லிவிட்டால் அமரும் இடம் முதல் எல்லாவற்றையும் அவரே சொல்லித் தருவார்.

கடவுள் பற்றிய பேச்சு சிலருக்கு நெருடலாக இருக்கும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள 12 படிகளில் ‘நாம் புரிந்துகொண்ட வகையிலான கடவுள்’ என்றே உள்ளது. எந்த மதத்தவரும், மத நம்பிக்கை இல்லாதவரும் அங்கு வருகிறார்கள். அதுவும் பொருந்தாது என்பவர்கள், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் முறைகளைப் பயிற்றுவிக்கும் ஸ்மார்ட் ரிகவரி குழுக்களைத் தேடலாம். குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தினர் தமக்காக அல்-அனான் கூட்டங்களுக்குத் தனியே செல்லலாம். இது நம் வீடுகளில் அதிகம் அறியப்படாத, ஆனால் மிகவும் தேவையான உதவி.

முதல் கூட்டம் மனத்தில் ஒட்டாமல் போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் தனித் தன்மை உண்டு என்பதால், முடிவெடுக்கும் முன் குறைந்தது மூன்று வெவ்வேறு கூட்டங்களுக்காவது சென்று பாருங்கள். யாரேனும் தொலைபேசி எண் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, குடிக்கத் தோன்றும் நேரத்திலேயே அழையுங்கள். அந்த அழைப்புக்காகத்தான் அவர் எண்ணைத் தருகிறார். இடையில் குடித்துவிட நேர்ந்தாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அதற்காக அங்கே யாரும் உங்களை வெளியேற்ற மாட்டார்கள். குடிக்காமல் இருந்த நாள்கணக்கு மட்டும் மீண்டும் 1-இலிருந்து தொடங்கும்.