ரிசர்வ் சைட் தோப்பாகும்போது: லோகோ, நோட்டீஸ், பலகை செய்வது எப்படி

கோவையில் லே-அவுட் போடும்போது பொது உபயோகத்துக்கென்று விடும் இடத்தை 'ரிசர்வ் சைட்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். எங்கள் தெருக்கோடி ரிசர்வ் சைட்டில் பல வருஷமாகக் கட்டடக் கழிவும் குப்பையும்தான் கிடந்தன. குடியிருப்போர் சங்கம் அதைச் சுத்தம் செய்து மரம் நடலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில், "நீங்க டிசைனர்தானுங்களே, ஒரு லோகோ போட்டுக் குடுத்துருங்க" என்று செயலாளர் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்திருப்பார். எட்டு மாசம் ஆனது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த எட்டு மாசத்தில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பெயர். அது முடியாமல் லோகோவைத் தொடாதீர்கள். கூட்டத்தில் வந்த பெயர்களெல்லாம் 'பசுமை', 'கிரீன்', 'ஈகோ' என்றே ஆரம்பித்தன. நான் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், அந்த இடத்தில் இறங்க வேண்டுமென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "கிணத்தடி சைட்டுங்களா?" என்றார்கள். உள்ளே ஒரு பாழுங்கிணறு உண்டு. கம்பி வலை போட்டு மூடியாகிவிட்டது, பேச்சில் மட்டும் இன்னும் இருக்கிறது. 'கிணத்தடித் தோப்பு' என்று வைத்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 'கிணற்றடி' என்று எழுதுவதே முறை என்றார். இலக்கணப்படி அவர் சொன்னது சரிதான். ஓட்டெடுப்பில் தோற்றார், பாவம்.

அப்புறம் லோகோ. இலை வரையாதீர்கள். நர்சரி, மூலிகை சோப்பு, ஆர்கானிக் அரிசிப் பை என்று எல்லாவற்றிலும் அதே இலைதான் இருக்கிறது. உங்கள் இடத்தில் மட்டும் இருப்பது எதுவோ அதை வரையுங்கள். நான் கிணற்றின் சுற்றுச்சுவரை மேலிருந்து பார்த்தால் தெரிகிற கல் வட்டத்தை எடுத்துக்கொண்டேன். பத்துக் கற்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது, பத்தாவது இடத்தில் ஒரு புளியங்கொட்டை. வரைந்ததும் 2 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பு அந்த அளவில்தான் இருக்கும். ஒரே நிறத்தில் நிற்காத லோகோ ரசீது புத்தகத்திலும் டி-ஷர்ட்டிலும் கண்டிப்பாகச் சொதப்பும்.

குப்பைத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மதில் எல்லாவற்றிலும் பெயர் போட ஒரு தகர ஸ்டென்சில் வெட்டிக்கொண்டால் செலவு ரொம்பக் குறையும். ஆனால் தமிழில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. சுழிகள்! 'கி'யை அப்படியே வெட்டினால் சுழிக்குள் இருக்கும் தகரம் துண்டாகக் கீழே விழுந்து, பெயின்ட் அடிக்கும்போது அந்த இடம் முழுக்க அடைத்துக்கொள்ளும். 'ண', 'தோ'வின் கொம்பு எல்லாமே அப்படித்தான். ஒவ்வொரு சுழியையும் வெளித் தகரத்தோடு பிடித்து வைக்க இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சின்னப் பாலம் விட வேண்டும். எங்கே விட்டாலும் எழுத்து படிக்க வர வேண்டும். அட்டையில் வெட்டி இரண்டு தடவை தப்பாக்கிய பிறகுதான் தகரத்தில் கை வைத்தேன்.

நிறத்துக்கு வருவோம். பச்சையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நான் வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் உண்டு. மரங்களுக்கு நடுவே பச்சைப் பலகை கண்ணில் படாது. திரையில் பளிச்சென்று தெரிகிற பச்சை நான்கு நிற அச்சில் (நீலம், மெஜந்தா என்கிற அடர் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) நீலமும் மஞ்சளும் கலந்து மங்கித்தான் வரும். வெயிலில் வைத்தால் சாதாரண அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளுக்கும். பச்சையில் இருக்கிற மஞ்சள் போனால் மிச்சம் என்ன? ஊர் முழுக்கப் பழைய பச்சை போர்டுகள் நீலம் பாரித்துக் கிடப்பது இதனால்தான். நாங்கள் ரெட் ஆக்சைடு நிறத்தையும் சந்தன வெள்ளையையும் எடுத்தோம். ரெட் ஆக்சைடு இரும்பு கலந்த மண் நிறம், வெயிலுக்கு லேசில் அசையாது, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். தேர்ந்தெடுத்த இரண்டு நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏதாவது கட்சிக் கொடி ஞாபகம் வருகிறதா என்று நாலு பேரிடம் கேட்டுவிடுங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கே போனது.

நோட்டீஸ் விஷயத்தில்தான் நான் அடி வாங்கினேன். மரம் நடும் நாளுக்கு ஒன்-எய்ட்த் டெமியில் (டெமி அளவுத் தாளில் எட்டில் ஒரு பங்கு) ஆயிரம் பிட் நோட்டீஸ், பேப்பர் போடும் பையன்கள் மூலமாக வீடுகளுக்குப் போக வேண்டும். யூனிகோடில் அடித்து மெயில் அனுப்பினேன். அச்சகத்தில் அதை அவர்களுடைய பழைய கோரல்டிரா டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டியிருக்கிறார்கள், அதற்கு யூனிகோடுத் தமிழ் சரியாக வராது. 'தோப்பு' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. புரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரி, வாட்ஸ்அப்பில் வந்தது. நான் பஸ்ஸில் இருந்தேன், கட்டைவிரல் அளவு படத்தைப் பார்த்து ஓகே போட்டேன். ஆயிரமும் அப்படியே அச்சாகி வந்தன.

அதனால்: கோப்பை அனுப்பும் முன் எழுத்துகள் எல்லாவற்றையும் வடிவமாக மாற்றிவிடுங்கள். அச்சகத்தில் "கர்வ்ஸ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்பது இதைத்தான். மாற்றாத கோப்பு ஒன்றைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், கர்வ்ஸ் ஆன எழுத்தில் பிழை திருத்த முடியாது. இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரில் டைப் அமைப்புகளுக்குள் இந்திய மொழிகளுக்கான தேர்வை இயக்காவிட்டால் அங்கேயே கொம்பு இடம் மாறும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொந்தரவு இல்லை. எழுத்துருவுக்கு முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். பின்னணி நிறம் விளிம்புவரை போகிறதென்றால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். புரூஃபைக் காகிதத்தில் வாங்கி, வீட்டில் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை மஞ்சள் தாளில் கறுப்பு மை மட்டும் போட்டு அடித்தோம். அதுதான் ஃபிரிட்ஜ் கதவுகளில் ஒட்டியிருந்தது.

பலகைக்கு ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்தால் இங்கே தகரக் கூரையே ஆடும், ஃப்ளெக்ஸ் எம்மாத்திரம். ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஆர்ட்டிஸ்ட் ஒருவரை வைத்து எனாமலில் எழுத வைத்தோம். பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பழைய கணக்கு. "தமிழுக்குக் கொஞ்சம் சேத்திக்கணுமுங்க, இல்லீனா சுழி அடைச்சுக்கும்" என்றார் அவர். வரிகளுக்கு நடுவிலும் தாராளமாக இடம் விட்டார். விட்டிருக்காவிட்டால் மேல் வரி 'கு'வின் வாலும் கீழ் வரி 'கி'யின் மேல் வளைவும் முட்டிக்கொண்டிருக்கும்.

திறப்பு விழாவில் யார் படம் பலகையில் வரும் என்ற பேச்சு கட்டாயம் வரும். சண்டை போடாதீர்கள். அன்றைக்கு மட்டும் கட்டி அவிழ்க்கிற துணி பேனர் ஒன்றைச் செய்து, எல்லார் படத்தையும் அதில் போட்டுவிடுங்கள். நிரந்தரப் பலகையில் பெயர், மரங்களின் பட்டியல், திறக்கும் நேரம் மட்டும்.

மரப் பெயர்த் தகடுகளை ஆணி அடித்து மாட்டக் கூடாது. மரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் கம்பி நட்டு, அதில் சாய்வாக வையுங்கள். 'கொன்றை' என்று மட்டும் எழுதினால் போதாது. சரக்கொன்றை வேறு, பெருங்கொன்றை வேறு, மயில்கொன்றை வேறு. எங்கள் அப்பத்தா தகட்டைப் பார்த்துவிட்டு, "புங்கனுக்கு எதுக்குடி பேரு எழுதறே, தெரியாதவுங்க யாரு?" என்றார். ஆறாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் அதை வேம்பு என்றார்கள்.

தகட்டில் க்யூஆர் வைப்பதானால் குறைந்தது 4 செ.மீ., வெள்ளைப் பின்னணி, சுற்றிலும் வெற்றிடம். சேதம் தாங்கும் அளவை உயர்ந்ததாகத் தேர்ந்தெடுங்கள், பறவை எச்சம் விழத்தான் போகிறது. இலவச வலைத்தளங்கள் தரும் மாற்றக்கூடிய க்யூஆர் சில மாதத்தில் காலாவதி ஆகலாம். சங்கத்தின் சொந்த முகவரியையே நேராகப் போடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒப்படையுங்கள். லோகோ கோப்புகள், எழுத்துரு, நிற எண்கள், பெயின்ட் டப்பாவின் ஷேட் நம்பர் எல்லாம் ஒரு பென்டிரைவில் செயலாளரிடம் இருக்கின்றன. தகர ஸ்டென்சில் மோட்டார் ரூமில் ஆணியில் தொங்குகிறது. கீழே அரை டப்பா ரெட் ஆக்சைடு, ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. போன வாரம் தோட்டக்காரரே தள்ளுவண்டியில் பெயரைப் போட்டுக்கொண்டார், கொஞ்சம் கோணலாக.