பேர்ட்டன் தண்ணியைக் குசினியில செய்து பார்ப்பம்

கேத்திலை உடன தேய்ச்சுக் கழுவாதேங்கோ. உள்ள விரலால தடவிப் பாருங்கோ, முட்டைக்கோது மாதிரி ஒரு வெள்ளைப் பொருக்கு. எங்கட சுண்ணாம்புக்கல் நிலம் கிணத்துக்குள்ளால வந்து கேத்திலில குந்தியிருக்குது. உயர்தரப் பிள்ளையளுக்கு வன்னீர், அதாவது சவர்க்காரம் லேசில நுரைக்காத தண்ணி, படிப்பிக்கேக்க நான் இதில தொடங்கி, இங்கிலாந்தின்ர பியர் ஊரான பேர்ட்டனில முடிப்பன். நான் பியர் குடிக்கிறேல்ல. கதை தண்ணியைப் பற்றினது.

நாலு வெறும் சோடாப் போத்தல் எடுங்கோ. முதலாவதில மழைத்தண்ணி. இரண்டாவதில கிணத்துத் தண்ணி. மூண்டாவதில பத்து நிமிசம் கொதிக்க வைச்சு, ஆறவிட்டு, அடி கலங்காமல் வார்த்த கிணத்துத் தண்ணி. நாலாவதுதான் பேர்ட்டன்: ஒரு லீற்றர் மழைத்தண்ணியில ஒரு தேக்கரண்டி பிளாஸ்ரர் ஒஃப் பரிஸ் போட்டு நல்லாக் குலுக்கி, இரவு முழுக்க அடைய விடுங்கோ. தெளிஞ்சதை எடுத்து, அதேயளவு மழைத்தண்ணி கலந்து கொதிக்க வையுங்கோ. அதில கரைஞ்ச ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று, அளவில பேர்ட்டன் கிணறுகளுக்குக் கிட்டவா வரும். குடிக்கிறதுக்கில்ல.

கட்டிச் சவர்க்காரத்தைச் சுரண்டி இளஞ்சூட்டு மழைத்தண்ணியில கரையுங்கோ. கோப்பை கழுவுற திரவம் வேண்டாம். முதல் வருசம் நான் அதைத்தான் ஊத்தினனான். நாலு போத்தலும் ஒரேமாதிரி நுரைச்சு, வகுப்பே சிரிச்சுது. சிறிஞ்சால ஒவ்வொரு மில்லிலீற்றரா விட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிசம் நிக்கும்வரை எண்ணுங்கோ.

கொதிச்ச கிணத்துத் தண்ணிக்குக் கொதிக்காததை விடக் குறையச் சவர்க்காரம் போதும். கரைஞ்சிருந்த கல்சியம் இருகாபனேற்று, கல்சியம் காபனேற்றாகிப் பொருக்காப் படிஞ்சிட்டுது. அது தற்காலிக வன்மை. நாலாவது கொதிச்சும் மசியாது, தயிர் திரைஞ்ச மாதிரி நிக்கும். கல்சியம் சல்பேற்று, நிரந்தர வன்மை.

அந்த மசியாத குணத்திலதான் பேர்ட்டன் செழிச்சது. ஆதியில துறவிமடத்துக்காரர் வடிச்சினம். பிறகு ட்ரென்ட் ஆற்றால ஹல் துறைமுகத்துக்குப் போய், அங்கயிருந்து ரஷ்யாவுக்கு இனிப்பான கறுத்த ஏல் எண்ட பியர் வகையை ஏற்றினவை. 1822இல ரஷ்யா வரியை ஏத்த, பேர்ட்டன் வடிசாலைக்காரர் அல்சொப் இந்தியாவுக்குப் போற வெளிறின கசப்பு ஏலுக்கு மாறினார். முதல் மாதிரியை ஒரு தேநீர்ச் சாடிக்குள்ள வடிச்சதெண்டு ஊர்க்கதை. ஜிப்சத் தண்ணி, பியருக்குக் கசப்புக் குடுக்கிற ஹொப்ஸ் பூவின்ர கசப்பைத் துலக்கிக் காட்டும். பியரும் கண்ணாடி மாதிரித் தெளியும். 1839இல ரயில் வந்தது, ஊர் வீங்கிச்சுது. 1777இல தொடங்கின பாஸ் கொம்பனியின்ர சிவப்பு முக்கோணம்தான் 1876இல பிரித்தானியாவில பதிவான முதல் வணிகக்குறி. மற்ற ஊர்க்காரர் தங்கட தண்ணிக்கு ஜிப்சம் கலந்தினம். அந்த வேலைக்குப் பேரே 'பேர்ட்டனாக்கல்'. நீங்கள் நாலாவது போத்தலில செய்ததும் அதுதான். காய்ச்சலுக்கு நாங்கள் சுடுதண்ணியில தேசிக்காய்ப் புளியோட கரைக்கிற மார்மைற்றும் 1902இல அங்கதான் தொடங்கினது, வடிசாலையள் கழிச்ச ஈஸ்ரில.

எனக்கு விருப்பமான ஆள் பீற்றர் கிரீஸ். சாயங்கள் செய்ய உதவுற டையசோ சேர்வையளைக் கண்டுபிடிச்சவர், 1862இல இருந்து அல்சொப்பின்ர வடிசாலையில இரசாயனவியலாளர். நைத்திரைற்றை (nitrite) நிறத்தால காட்டுற சோதனை அவற்ற பேரிலதான் இருக்குது. தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியும் கிணத்துக்குள்ள இறக்குற நைத்திரேற்றைப் (nitrate) பார்க்கவும் அது உதவும்: முதல் நைத்திரைற்றா மாத்தி, பிறகு இளஞ்சிவப்பு வருதோ எண்டு பார்க்கிறது. கேத்தில் அதுக்கு ஒண்டும் செய்யாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வத்தி, நைத்திரேற்று செறியும். நைத்திரேற்றுக் கூடின தண்ணி கைக்குழந்தைக்குக் கூடாது. அப்பிடிப் பிள்ளை இருக்கிற வீடெண்டால், கிணத்துத் தண்ணியை ஆய்வுகூடத்தில குடுத்துப் பார்த்திட்டுப் பால்மா கரையுங்கோ.