பழைய டைவிங் வாட்சை வாங்கும் முன் என்ன பார்ப்பேன்

கடிகார ரிப்பேர்தான் என் பிழைப்பு. பழைய டைவிங் வாட்சை யாராவது கொண்டுவந்தால் முதலில் கேட்பேன்: "இதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினீர்களா?" ஆமாம் என்றால் பாதி விஷயம் திறக்காமலே தெரிந்துவிடும்.

வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, சுவிஸ் கம்பெனி பிளாங்பான் செய்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ். 1953-இல் பிறந்தது. கம்பெனியை நடத்திய ழான்-ஜாக் ஃபீஷ்டரே முக்குளிப்பவர். ஒருமுறை கடலடியில் நேரத்தைக் கவனிக்காமல் இருந்து, காற்று தீர்ந்து தடுமாறி மேலே வந்தார். 'எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறேன்' என்று ஒரே பார்வையில் காட்டும் வாட்ச் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அப்படித்தான். அதே சமயம் பிரெஞ்சுப் போர் நீச்சல் படைக்கு வாட்ச் தேடிக்கொண்டிருந்த ராபர்ட் மலூபியேவும் கிளாட் ரிஃபோவும் வந்து சேர்ந்தார்கள். பெயரும் ஆழக்கணக்குதான்: ஒரு ஃபாதம் 6 அடி, ஐம்பது ஃபாதம் சுமார் 91 மீட்டர்.

சரி, ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் பெஸலைத் திருப்பிப் பாருங்கள். டயலைச் சுற்றியுள்ள அந்த வளையம்தான் வாட்சின் உயிர். நீரில் இறங்கும்போது அதன் பூஜ்யக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால் போதும். பிறகு வளையத்தில் முள் காட்டும் எண்ணே கழிந்த நிமிடம். தற்செயலாகத் தட்டுப்பட்டுத் திரும்பக் கூடாது என்று, அழுத்தினால்தான் திரும்பும் பெஸலுக்கு ஃபீஷ்டர் காப்புரிமை வாங்கினார். பெஸல்மேல் பதித்திருப்பது பேக்லைட் என்ற பழங்காலப் பிளாஸ்டிக். பல்லி கால் போல மெல்லிய விரிசல் ஓடியிருந்தால் நான் பயப்பட மாட்டேன். புத்தம்புதிதாகப் பளபளத்தால்தான் சந்தேகப்படுவேன்.

அடுத்து டார்ச் அடித்துவிட்டு விளக்கை அணையுங்கள். ஆரம்பகால டயலில் இருப்பது கதிரியக்க ரேடியம் கலந்த பூச்சு. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். ஆனால் கூட இருக்கும் ஒளிரும் பொடி சில பத்தாண்டுகளில் செத்துவிடும். ஆகவே இருட்டில் மங்கிக் கிடப்பதுதான் நியாயம். பச்சையாக நெடுநேரம் எரிந்தால் யாரோ பின்னாளில் பூசியது. ஒளிரவில்லையே என்று மூடியைத் திறந்து சுரண்டி மட்டும் விடாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

அமெரிக்க ராணுவ விதிப்படி செய்த மில்-ஸ்பெக் ரகத்தில், டயலில் 6 மணிக் குறிக்கு மேலே சின்ன வட்டம் ஒன்று இருக்கும். பாதி வெளிர்நீலம், பாதி இளஞ்சிவப்பு. உள்ளே ஈரம் புகுந்தால் நீலப்பாதியும் சிவந்துவிடும். அழகான யோசனை! ஆனால் இத்தனை வருஷம் கழித்து அதன் சாட்சியை நான் நம்ப மாட்டேன்.

ஏன் என்றால், சூடு பட்டவன் நான். தொழிலுக்கு வந்த புதிதில் பழைய டைவிங் வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். கடலுக்கெல்லாம் போகவில்லை, சாப்பிட்டுக் கை கழுவினேன், அவ்வளவுதான். மறுநாள் காலை கண்ணாடிக்குள் பனி. திறந்து பார்த்தால் கிரௌனின், அதாவது சாவி கொடுக்கும் திருகின், ரப்பர் வளையம் காய்ந்த மிளகாய்த்தோல் மாதிரி உடைந்து வந்தது. ரப்பர் இறுகிய பிறகு டயலில் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் எழுத்துதான். அப்புறம், பாலிஷ் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். ஓரங்கள் மழுங்கினால் விலையும் மழுங்கும்.

தண்ணீரில் இறங்கத்தான் ஆசை என்றால், மறுபிறவி எடுத்ததை வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்களின் அலையில் பிளாங்பான் பெயரே அடங்கிப்போயிருந்தது. 1980-களில் ழான்-குளோட் பீவர் பெயரை மீட்டார். 2002-இல் பொறுப்புக்கு வந்த மார்க் ஹாயெக் முக்குளிப்பவர். மறு வருஷமே ஐம்பதாம் ஆண்டுக்கு 50 வீதம் மூன்று தொகுதி வெளியிட்டார். 2007-இல் வழக்கமான வரிசை வந்தது: 45 மில்லிமீட்டர், 300 மீட்டர் ஆழம், ஒருமுறை முழுதாகச் சாவி ஏறினால் 5 நாள் ஓட்டம். என் மணிக்கட்டுக்கு அது தட்டு மாதிரி இருக்கிறது, அது வேறு கதை. பணம் குறைவு என்றால் 2023-இல் ஸ்வாட்ச்சோடு சேர்ந்து வெளியிட்டது இருக்கிறது. தாங்கும் ஆழம் அதே 91 மீட்டர்.

புதியதுதானே என்று விட்டுவிடாமல், வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யுங்கள். நீருக்கடியில் கிரௌனைத் தொடாதீர்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பெஸலை இரண்டு சுற்று திருப்பிவிடுங்கள். அடியில் தங்கும் மணலும் உப்பும் அப்போதுதான் வெளியே வரும்.