தெரிந்த சவுண்டைப் பிரித்துப் போட்டு நம் சவுண்டைக் கட்டுவது

ஒரு பாட்டில் கேட்ட பேஸ் சவுண்டை அப்படியே கொண்டுவர மூன்று இரவு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் வந்தும் விட்டது. என் டிராக்கில் போட்டு நண்பரிடம் கொடுத்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை அந்தப் பழைய பாட்டின் பெயர். அன்றைக்கு மனசு கனத்துப்போனது. ஆனாலும் நகலெடுப்பதை நான் விடவில்லை. காதுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நகல் கச்சிதமாக வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பதைத்தான் அன்று புரிந்துகொண்டேன்: அந்த சவுண்டின் உயிர் எந்த ஒரு இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் கை வைப்பது.

ரீஸ் பேஸை வைத்தே செய்து பார்ப்போம். டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988-இல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட ரெக்கார்டில், கேசியோ சிஇசட்-5000 சின்தில் (சவுண்டை மின்னணு முறையில் உருவாக்கும் கீபோர்டு) செய்த சவுண்ட் அது. பிறகு ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசைகளைச் செய்தவர்கள் சாம்பிள் எடுத்து எடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

சின்தில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ப்ரீசெட்டைத் திறக்காதீர்கள். எந்த அமைப்பும் செய்யாத வெறும் பேட்சிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ஆசிலேட்டர் (சவுண்டின் மூல அலையை உருவாக்கும் பகுதி), இரண்டிலும் ரம்பப்பல் வடிவ சா வேவ். ஒன்று 5 சென்ட் மேலே, இன்னொன்று 5 சென்ட் கீழே (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு; இப்படிச் சுருதியைச் சற்றே விலக்குவதுதான் டீட்யூன்). மோனோவில் வையுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் அலையை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீட்ரிகரை அணைத்துவிடுங்கள். மேல் அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரின் கட்ஆஃபை (வெட்டத் தொடங்கும் இடத்தை) 700 ஹெர்ட்ஸ் பக்கம் நிறுத்தி, 55 ஹெர்ட்ஸ் 'ஏ' நோட்டை நீளமாகப் பிடியுங்கள். அசல் சவுண்டோடு ஒப்பிடும்போது இரண்டின் வால்யூமையும் சமமாக்குங்கள். சத்தமாக இருப்பது எப்போதுமே நன்றாக இருப்பதாகக் காதை ஏமாற்றும்.

இப்போது ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ஃபில்டரை எடுத்தால் கரகரப்பு கூடுகிறது, ஆனாலும் ரீஸ்தான். சா வேவை ஸ்கொயராக மாற்றினாலும் சொந்தக்காரன் முகம் தெரிகிறது. டீட்யூனைப் பூஜ்ஜியமாக்கினால் செத்துப்போகிறது. ஆக, உயிர் அங்கேதான். பள்ளி இயற்பியலில் விம்மல்கள் என்று படித்தோமே, அதேதான்: சற்றே விலகிய இரண்டு சுருதிகள் சேரும்போது சத்தம் ஏறி இறங்குவது. 10 சென்ட் இடைவெளியில் 55 ஹெர்ட்ஸ் அடிச்சுரம் ஏறக்குறைய 3 விநாடிக்கு ஒருமுறை விம்முகிறது. அதன் பத்தாவது ஹார்மோனிக் (அடிச்சுரத்தின் பத்து மடங்கு அதிர்வெண்) அதே 3 விநாடிக்குள் பத்து முறை விம்மிவிடும். கீழே மெதுவாக மூச்சு, மேலே கலங்கல்: அந்தச் சேர்க்கைதான் நம் காதைப் பிடித்து இழுக்கிறது. (விம்மலின் பள்ளத்தில் அடிச்சுரமே கரைந்துபோகும். மிக்ஸில் போடும்போது ரீஸை 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, சுத்தமான ஒரு சைன் வேவைத் தனி டிராக்கில் கீழே வையுங்கள்.)

நம் வேலை இனிமேல்தான். சென்ட் கணக்கில் டீட்யூன் செய்தால் ஒரு ஆக்டேவ் மேலே போனதும் விம்மல் இரட்டிப்பு வேகமாகிவிடும். எல்லோருடைய ரீஸும் அப்படித்தான் நடந்துகொள்ளும். சில சின்த்களில் டீட்யூனை ஹெர்ட்ஸ் கணக்கில் வைக்கலாம். அதில் பழைய சென்ட் டீட்யூனைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, ஒரு ஆசிலேட்டரை மட்டும் 0.5 ஹெர்ட்ஸ் தள்ளுங்கள். டெம்போ 120 என்றால் நான்கு பீட் கொண்ட ஒரு பார் 2 விநாடி. அடிச்சுரம் பாருக்கு ஒருமுறை விம்மும். இரண்டாவது ஹார்மோனிக் இரண்டு முறை, நான்காவது நான்கு முறை. எந்த நோட்டை வாசித்தாலும் இதே கணக்கு! இதற்கு மட்டும் ரீட்ரிகரைத் திரும்பப் போட்டு, பாரின் தொடக்கத்தில் நோட்டை வையுங்கள். தாளம் சவுண்டுக்குள்ளிருந்தே கிளம்பி வரும். இதை முதன்முதலில் கேட்டபோது ஹெட்ஃபோனைக் கழற்ற மனமே வரவில்லை எனக்கு.

ரோலண்டின் பேஸ் சின்தான டிபி-303-க்கும் இதே சோதனைதான். எல்லோரும் ரெசனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தை எடுப்பாக்கும் குமிழ்) திருகிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஸ்லைடையும் (ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது) ஆக்சென்ட்டையும் (சில நோட்டுகளை மட்டும் அழுத்திச் சொல்வது) எடுத்துவிட்டால் 303 காணாமல் போகும். எனவே அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆசிலேட்டரைத் தூக்கிப் போடுங்கள். நீங்களே முணுமுணுத்துப் பதிவு செய்த ஒரு குரல் சாம்பிளை அங்கே வையுங்கள். பேஸ் கிடாருக்கு மாற்றாக வந்து, 1984-லேயே தயாரிப்பு நின்றுபோன கருவி அது. சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதன் குமிழ்களை வேறு மாதிரித் திருகியதால்தான் இன்றும் அதன் பெயரைச் சொல்கிறோம்.

ஒரு டிராக்கில் எல்லா சவுண்டும் புதிதாக இருக்க வேண்டும் என்று அலையாதீர்கள். நான் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றுவேன். கிக், ஹை-ஹேட் எல்லாம் ஊரறிந்தவையாகவே இருக்கட்டும். 80-களின் நினைவு வர வேண்டும் என்றே ஒருவர் கேட்டால், 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் எலக்ட்ரிக் பியானோவை மாற்றாமல் வையுங்கள். அங்கே அந்த நினைவுதான் இசை.

பேட்சைச் சேமிக்கும்போது "என் பேஸ் 3" என்று பெயர் வைக்காமல் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையது "ரீஸ், 0.5 ஹெர்ட்ஸ், பாருக்கு ஒரு விம்மல்". ஒரு வாரம் அசல் பாட்டைக் கேட்காமல் இருந்துவிட்டுத் திறந்து, அதை வைத்து புதிதாக ஒரு பேஸ்லைன் வாசியுங்கள். விரல் தானாகப் பழைய பாட்டின் மெட்டுக்கே போனால், பேட்சில் இன்னும் வேலை இருக்கிறது.