வம்சாவளிப் படம் போட எந்த மென்பொருள்? முதலில் ஒன்பது பேரைப் போட்டுப் பாருங்கள்

வம்சாவளிப் படம் வரையும் மென்பொருள்களில் பெரும்பாலானவை மேற்கத்தியக் குடும்பங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எல்லாருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும், சொந்தத்துக்குள் கல்யாணம் அபூர்வம் என்ற கணக்கில் அவை ஓடும். கோலாலம்பூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இரண்டுமே சரிப்படாது. செந்தூல் அத்தையில் தொடங்கி பினாங்குச் சித்தப்பா வரை இருநூறு பேரை ஏற்றிவிட்டுத் தலையில் கை வைப்பதைவிட, சிக்கலான ஒரு கிளையை மட்டும் போட்டுச் சோதித்துவிடுவது நல்லது.

எவற்றைச் சோதிப்பது?

கிராம்ப்ஸ் முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தகவல் உங்கள் கணினியிலேயே இருக்கும். ஃபேமிலி எக்கோ உலாவியிலேயே வேலை செய்யும், பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். மைஹெரிட்டேஜ் பார்க்க அழகு, ஆனால் இலவசக் கணக்கில் 250 பேர் வரைதான். ஃபேமிலிசர்ச் இலவசம்தான் என்றாலும் அது உலகத்துக்கே பொதுவான ஒரே படம். இறந்தவர்களின் விவரத்தை முன்பின் தெரியாத ஒருவர்கூடத் திருத்தலாம். கேன்வா போன்றவை வெறும் ஓவியப் பலகை. முப்பது பேருக்கு மேல் போனால், ஒரு பெட்டியை நகர்த்த எல்லாப் பெட்டியையும் நகர்த்த வேண்டும்.

ஒன்பது பேர் சோதனை

ஒரு தாத்தா, பாட்டி. அவர்களுக்கு ஒரு மகன், ஒரு மகள். அந்த இருவரையும் கட்டிக்கொண்டவர்கள். மகன் வயிற்றுப் பேத்தி, மகள் வயிற்றுப் பேரன். அந்தப் பேரன் தாய்மாமன் மகளான அந்தப் பேத்தியையே கட்டுகிறான், அவர்களுக்கு ஒரு குழந்தை. ஒன்பது பேர் ஆயிற்று.

முதல் கண்டம் கல்யாணத்தில் வரும். பேரனுக்கு மனைவி சேர்க்கும்போது, ஏற்கெனவே உள்ள பேத்தியைத் தேர்ந்தெடுக்க விடுகிறதா, புது ஆளாக மறுபடி உள்ளிடச் சொல்கிறதா? மறுபடி உள்ளிடச் சொன்னால் உடனே மூடிவிடுங்கள்.

அப்புறம் குழந்தையிலிருந்து மேல்நோக்கிப் படம் வரையச் சொல்லுங்கள். கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி வரிசையில் எட்டு இடம் இருக்கும், ஆனால் மருமகள், மருமகனின் பெற்றோரையும் சேர்த்தால்கூட ஆட்கள் ஆறு பேர்தான். முதல் தம்பதி இரண்டு இடத்தில் வருவார்கள். அப்படி வரைவது தப்பில்லை, இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டினால் போதும். கிராம்ப்ஸில் ‘ரிலேஷன்ஷிப் கிராஃப்’ என்ற படத்தைப் போட்டால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறைதான் வருவார்கள்.

உங்கள் வீட்டில் அக்காள் மகளைக் கட்டியவர் இருந்தால் அவரையும் சேருங்கள். இரண்டு தலைமுறை வரிசையிலும் அவருக்கு இடம் உண்டு, கோடு எப்படியும் ஏறி இறங்கும். ஓர் ஆளை இரண்டு தடவை எழுதுவதற்குக் கோணல் கோடே மேல் என்பது என் கட்சி.

சீனக் குழந்தையை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. கிராம்ப்ஸில் பெற்றோர் உறவை ‘வளர்ப்பு’ என்று குறிக்கலாம். அதைப் படத்தில் காட்டலாமா என்று அந்த வீட்டாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர், தேதி

ஐசியில் (மலேசிய அடையாள அட்டையில்) ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதற்குப் பின்னால் வருவது அப்பா பெயர். மென்பொருள் கேட்கும் ‘சர்நேம்’, அதாவது குடும்பப் பெயர், அது இல்லை. முனியாண்டியின் மகன் ராமனுக்கு ‘முனியாண்டி’யைச் சர்நேமாகப் போட்டால், ராமனின் பிள்ளைகளுக்கும் அதுவே தானாக ஒட்டிக்கொள்ளும். தாத்தா அப்பாவாகிவிடுவார். கிராம்ப்ஸின் விருப்ப அமைப்புகளில் ‘சர்நேம் கெஸ்ஸிங்’ (குடும்பப் பெயரை ஊகித்தல்) என்பதை ‘நன்’ (எதுவுமில்லை) என்று வைத்துவிடுங்கள். அங்கே ‘ஐஸ்லாண்டிக்’ என்றும் ஒரு தேர்வு உண்டு. ஐஸ்லாந்துக்காரர்களும் நம்மைப்போல அப்பா பெயரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதற்கு மகன், மகள் என்று ஒரு வால் சேர்ப்பார்கள். நமக்கு வேண்டாம்.

ஒரே பெயர் ஓர் ஐசியில் லெட்சுமி, இன்னொன்றில் லெச்சுமி என்று இருக்கும். வீட்டில் அழைக்கும் பெயரைத் தமிழில் முதலில் எழுதி, ஐசியில் உள்ளதை மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுங்கள்.

பழைய ஆட்களுக்குச் சரியான தேதி கிடைக்காது. “ராஜுலா கப்பலில் வந்தார்” என்பார்கள். அது 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று ஓடிய கப்பல், அதை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. “கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்) கூட்டி வந்தார்” என்றால் 1939க்கு முன் என்று துணிந்து போடலாம். தோட்ட வேலைக்கு உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. ஆகவே தேதிப் பெட்டி ‘சுமார்’, ‘முன்’ என்பவற்றை ஏற்க வேண்டும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கொடுத்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருளில் பொய்த் தேதிதான் சேரும்.

தமிழ் எழுத்து

திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியும், பிடிஎஃப்பில் காலை வாரிவிடும். கோவிந்தசாமி, பொன்னம்மாள், ஸ்ரீதேவி என்ற மூன்று பெயர்களையும் போட்டு பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். ‘கோ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சேரவில்லையென்றால் மென்பொருளை மாற்றுங்கள்.

வெளியே எடுக்க வருகிறதா?

கெட்காம் கோப்பாகச் சேமிக்க வழி இல்லாத எதையும் தொடவேண்டாம். 1984இல் வந்த இந்த வடிவத்தை வம்சாவளி மென்பொருள்கள் அநேகமாக எல்லாமே படிக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற அதுதான் வழி. ஆனால் வழக்கமான கெட்காம் கோப்புக்குள் புகைப்படங்கள் வராது. கிராம்ப்ஸில் படங்களோடு சேர்த்து எடுக்கத் தனித் தொகுப்புக் கோப்பு இருக்கிறது, நகல் வைக்கும்போது அதையும் எடுத்துவையுங்கள்.

ஐசி எண்ணை எங்கேயும் எழுதவேண்டாம். உயிரோடிருப்பவர்களுக்குப் பிறந்த ஆண்டு மட்டும் போதும். 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். இரண்டையும் இணையத்தில் போட்டால் எட்டு இலக்கம் கொடுத்த மாதிரி.

அச்சு

நான்கு தலைமுறைக்கு ஏ1 அளவு தாங்கும், அதற்கு மேல் ஏ0. கடைக்குப் போகுமுன் பக்க அளவை மென்பொருளிலேயே அமைத்துவிடுங்கள். ஏ4இல் எடுத்ததைக் கடையில் பெரிதாக்கச் சொன்னால் அதே நெருக்கடிதான் பெரிதாக வரும். கோப்பைப் பென்டிரைவில் பிடிஎஃப்பாகவே கொடுங்கள், கடைக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்காது. முதல் தாளைச் சாதாரணக் காகிதத்தில் எடுத்து, குடும்பம் கூடும் விருந்தன்று மேசையில் பேனாவோடு விரித்துவையுங்கள். பெரியவர்கள் திருத்தித் தந்த பிறகு நல்ல காகிதத்துக்குக் காசு கொடுக்கலாம்.