வளைகுடாவுக்கு ஆசிரியராகப் போகிறீர்களா? சம்பளத்தை ரூபாயில் பெருக்குவதற்கு முன் போட வேண்டிய கணக்குகள்

5,000 திர்ஹம் (ஐக்கிய அரபு அமீரக நாணயம்) சம்பளம் என்று ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்து அதைப் பெருக்கிப் பார்ப்பது. 1,15,000 ரூபாய். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் முப்பதாயிரம் வாங்கிக்கொண்டிருக்கும் கணித ஆசிரியைக்கு அந்த எண்ணைப் பார்த்த பிறகு வேறு எதுவும் கண்ணில் படாது. வீட்டுக் கடன் எப்போது அடையும், தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். பின்னால் வரும் பணச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பெருக்கலில்தான் தொடங்குகின்றன. சம்பளம் திர்ஹமில் வருகிறது, செலவும் திர்ஹமில்தான் ஆகிறது. ரூபாய்க்கு மாற்றிப் பார்க்க வேண்டியது மிச்சத்தை மட்டும்தான்.

ஷார்ஜாவில் தனியாக இருக்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஷேரிங் அறையில் ஒரு கட்டிலுக்கு 900 திர்ஹம், சாப்பாட்டுக்கு 800, போக்குவரத்துக்கு 250, போனுக்கும் இணையத்துக்கும் 150, துணிமணி, மருந்து, கைச்செலவு எல்லாம் சேர்த்து 400, வருஷாந்திர விமான டிக்கெட்டுக்கு மாதா மாதம் எடுத்து வைப்பது 200. ஆக 2,700. மிச்சம் 2,300 திர்ஹம், ஏறக்குறைய 53,000 ரூபாய். நல்ல தொகைதான், போவதற்குத் தகுந்த தொகையும்கூட. ஆனால் 1,15,000-ஐ மனதில் வைத்து ஊரில் கடன் தவணைகளைத் திட்டமிட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது பாதிகூட இல்லை.

இதே சம்பளத்தில் கணவரும் ஒரு குழந்தையும் கூட வருகிறார்கள் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். சிறிய வீட்டுக்கு ஆண்டு வாடகை 30,000 திர்ஹம் என்றால் மாதத்துக்கு 2,500. மின்சாரம், தண்ணீர் 400. மளிகையும் காய்கறியும் 1,500. ஆசிரியர் பிள்ளைக்கான சலுகை கழித்த பிறகும் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 700. இதிலேயே 5,100 ஆகிவிட்டது. பஸ், போன், விசா புதுப்பித்தல் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000-த்துடன் தங்குமிடமோ இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தத் தொகையில் குடும்பம் நடத்தி மிச்சமும் பிடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. துணைக்கும் அங்கே வேலை உறுதியான பிறகு குடும்பமாக இருக்கலாம் என்பதே என் கருத்து. முதல் வருடம் பள்ளி தரும் அறையில் தனியாக இருந்து பார்ப்பது பெரும்பாலோருக்குச் சரியாக வரும். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வரும் தாய்மார்களுக்கு இது எவ்வளவு கனமான முடிவு என்பது தெரியும். அதனால்தான் இந்தக் கணக்கைக் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போட்டுவிட வேண்டும்.

பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று கேட்காமல் இருப்பது

ஆஃபரில் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. அமீரகத்தில் வேலையை விட்டுக் கிளம்பும்போது கிடைக்கும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள். ஓராண்டு முடித்திருக்க வேண்டும். 5,000 திர்ஹமில் பேசிக் 2,500, மீதி அலவன்ஸ் என்று பிரித்திருந்தால் ஐந்து வருடத்துக்குக் கிடைப்பது 8,750 திர்ஹம். முழுச் சம்பளத்தையும் வைத்து மனக்கணக்கு போட்டவர் 17,500 வரும் என்று காத்திருப்பார். பேசிக்கை 3,000-ஆக உயர்த்திக் கேட்டால் மாதச் சம்பளம் அப்படியே இருக்கும், ஐந்து வருடத்துக் கிராஜுவிட்டி 10,500 ஆகிவிடும். இதைக் கேட்க முடிவது கையெழுத்துக்கு முன்னால்தான்.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டத்தின்படி, ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி குறையாது. சவூதியில் அப்படி இல்லை. அங்கே முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதம். நீங்களாக ராஜினாமா செய்தால் இரண்டு ஆண்டுக்குள் எதுவும் கிடையாது, ஐந்து ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து ஆண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு, அதற்குப் பிறகுதான் முழுத் தொகை. ஆசிரியைகள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு விதிவிலக்கு உண்டு: திருமணமான ஆறு மாதத்துக்குள், அல்லது பிரசவமான மூன்று மாதத்துக்குள் வேலையை விடும் பெண்ணுக்கு முழுத் தொகையும் தர வேண்டும். இது தெரியாமல் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடக் கூடாது.

ஓமனில் 2023-இல் வந்த தொழிலாளர் சட்டம் ஆண்டுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் என்று உயர்த்தியது. பஹ்ரைனில் 2024 மார்ச் முதல் முதலாளி இந்தத் தொகையை மாதா மாதம் அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பில் கட்டியாக வேண்டும். பள்ளி நொடித்துப்போனாலும் பணம் தப்பும் என்பதால் தொழிலாளிக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, முதல் வருடமும் உண்டா என்பது ஒன்று. டிக்கெட் ஆண்டுதோறுமா, இரண்டாண்டுக்கு ஒரு முறையா, டிக்கெட்டாகவே தருவார்களா, ஒரு தொகையாகவா என்பது இன்னொன்று. தொகையாகத் தந்தால் அது பெரும்பாலும் போதாது. ஆசிரியர்கள் ஊருக்குப் போகும் ஜூலையில்தான் விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும், தேதியைத் தள்ளிப்போடவும் நமக்கு வழி கிடையாது.

எல்லா நாடும் ஒன்று என்று நினைப்பது

வருமான வரி இல்லை என்பது மட்டும்தான் ஆறு நாடுகளுக்கும் இப்போதைக்குப் பொது. ஓமன் 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5 சதவீத வரி என்று அறிவித்திருக்கிறது, ஆசிரியர் சம்பளம் அந்த எல்லையை எட்டாது. கடையில் கட்டும் மதிப்புக்கூட்டு வரிதான் நம்மைத் தொடுவது. அமீரகத்திலும் ஓமனிலும் 5 சதவீதம், பஹ்ரைனில் 10, சவூதியில் 2020 ஜூலை முதல் 15. கத்தாரிலும் குவைத்திலும் இன்னும் கொண்டுவரவில்லை.

சவூதியில் குடும்பத்தோடு இருக்க நினைப்பவர்களைத் தடுமாற வைப்பது வேறொரு கட்டணம். 2017-இல் சார்ந்திருப்போர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கி, ஆண்டுதோறும் 100 கூடி, 2020-இல் 400 ரியால் ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். இக்காமா எனும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டும். மாதம் 5,000 ரியால் வாங்குபவருக்கு இது ஏறத்தாழ மூன்று மாதச் சம்பளம். பள்ளி இதைக் கட்டுமா என்று கேளுங்கள். கட்டும் என்று வாயால் சொன்னால் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாடகையோடு வருபவை

துபாயில் வீடு பார்ப்பவர்கள் வாடகையை மட்டும் எழுதிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். வாடகை மாதா மாதம் கட்டுவது அல்ல, முன்தேதியிட்ட இரண்டு அல்லது நான்கு காசோலைகளாகத் தருவதே வழக்கம். ஆண்டு வாடகையில் 5 சதவீதம் டெபாசிட், 5 சதவீதம் ஏஜென்ட் கமிஷன், எஜாரி எனும் வாடகை ஒப்பந்தப் பதிவு, மின்சாரம் தண்ணீருக்கு 2,000 திர்ஹம் டெபாசிட் என்று குடிபுகும் நாளிலேயே பெரிய தொகை போய்விடும். அதற்கப்புறம் ஆண்டு வாடகையில் 5 சதவீத வீட்டுவசதிக் கட்டணம் மாதாமாதம் மின்கட்டண பில்லோடு சேர்ந்து வரும். ஏ.சி. குளிரூட்டல் வாடகையில் அடக்கமா என்பதையும் கேளுங்கள். 'சில்லர் ஃப்ரீ', அதாவது குளிரூட்டலுக்குத் தனிக் கட்டணம் இல்லாத கட்டடத்துக்கும் மற்றதுக்கும் கோடை மாதங்களில் வரும் வித்தியாசம் வாடகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று அங்கே தங்கி துபாயில் வேலைக்குப் போவது பழைய வழி. பள்ளிப் பேருந்தில் ஆசிரியருக்கு இடம் உண்டென்றால் போகலாம். சொந்தக் கார் என்றால் பெட்ரோல், பார்க்கிங், சாலிக் எனும் துபாய் சாலைச் சுங்கம் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி இறுதி முதல் நெரிசல் நேரத்தில் சாலிக் ஒரு முறைக்கு 6 திர்ஹம், பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் அந்த நேரம்தான்.

டியூஷனை நம்பிப் பட்ஜெட் போடுவது

"சம்பளம் குறைவாக இருந்தால் என்ன, டியூஷன் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்புபவர்கள் உண்டு. அனுமதி இல்லாமல் டியூஷன் எடுப்பது அமீரகத்தில் சட்டவிரோதம். 2023 டிசம்பரில் தனிப்பயிற்சிக்கென ஓர் அனுமதியைக் கொண்டுவந்தார்கள், கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு செல்லும். அதை வாங்கிவிட்டுச் செய்யுங்கள். வாங்கும் வரை அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடனும் சீட்டும்

வேலையில் சேர்ந்து சில மாதங்களில் வங்கிகளிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். அமீரக மத்திய வங்கி விதிப்படி தனிநபர் கடன் சம்பளத்தைப் போல 20 மடங்கு வரை, 48 மாதத்தில் அடைக்க வேண்டும், தவணைகள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 5,000 திர்ஹம் வாங்குபவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வரை கைக்கு வந்துவிடலாம் என்பதுதான் இதன் பொருள். ஊரில் மனை வாங்க இதை எடுப்பவர்கள் அதிகம். பள்ளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் கடைசிச் சம்பளத்தையும் கிராஜுவிட்டியையும் வங்கி நிறுத்தி வைத்துக்கொள்ளும், பாக்கி இருந்தால் பயணத் தடைவரை போகும். வேலையோடு கட்டப்பட்ட கடனை வேலையின் ஆயுளுக்குள் அடைக்க முடியாது என்றால் எடுக்கவே வேண்டாம் என்பேன்.

அறைத் தோழிகளோடு போடும் சீட்டுக்கும் அங்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது. எடுத்தவர் ஊருக்குக் கிளம்பிவிட்டால் போனது போனதுதான். அப்புறம், 20, 25 ஆண்டுக்கு மாதா மாதம் கட்டச் சொல்லும் 'சேமிப்புத் திட்டங்கள்' விற்பவர்கள் ஸ்டாஃப் ரூம்வரை வருவார்கள். மூன்று, நான்கு ஆண்டில் திரும்பிவிடும் ஆசிரியருக்கு அந்தக் காலக்கெடு பொருந்தவே பொருந்தாது. நடுவில் நிறுத்தினால் தொடக்க ஆண்டுகளில் கட்டியதில் பெரும்பகுதி கட்டணமாகவே போயிருக்கும்.

கிளம்பும் முன் ஊரில் செய்யாமல் விடுபவை

வெளிநாடு அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவராக இருந்தால் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். அமீரகச் சட்டப்படி ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடமிருந்து பிடிக்கவும் கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிவு செய்து வைக்கலாம்.

எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்பதும் பணம்தான். வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வரிக்கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர். ஏப்ரலில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்பவருக்கும், ஆகஸ்ட் கடைசியில் பிரிட்டிஷ் பள்ளிக்குப் போகிறவருக்கும் பிரச்சினை இல்லை. நவம்பரில் காலியிடம் கிடைத்துப் போகிறவருக்கு 182 நாள் தாண்டியிருக்கும், மார்ச் வரை வாங்கும் வளைகுடாச் சம்பளமும் இந்திய வருமானத்தில் சேரும். விடுமுறைக்கு வந்து தங்கும் நாட்களும் இந்த எண்ணிக்கையில் உண்டு.

போனபின் பழைய சேமிப்புக் கணக்கிலேயே பணம் அனுப்பிக்கொண்டிருப்பது மிகப் பரவலான தவறு. அந்தக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாடு வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றச் சொல்கிறது அந்நியச் செலாவணிச் சட்டம். அனுப்பும் சம்பளத்துக்குத் தனியாக ஓர் என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டு வருமானத்தை ரூபாயில் போட்டு வைக்கும் கணக்கு) தொடங்குங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரியும் பிடித்துக்கொள்வார்கள். பழைய பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், போனபின் புதிதாகத் தொடங்க முடியாது. பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸில் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு என்பதால் மாதம் ஒரு முறை, சம்பளம் வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். ரேட் ஐந்து பைசா ஏறட்டும் என்று வைத்திருக்கும் பணம் அனுப்பும் முன்பே செலவாகிவிடுகிறது.

நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குத் தெரிவித்து என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காகவோ, ஆர்.எஃப்.சி. (திரும்பி வந்தவர் வெளிநாட்டு நாணயத்தில் வைத்துக்கொள்ளும்) கணக்காகவோ மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு என்.ஆர்.இ. வட்டிக்கு வரிவிலக்கு தொடராது. வெளிநாட்டு நாணய வைப்பான எஃப்.சி.என்.ஆர். இருந்தால் முதிர்வுத் தேதி வரை அப்படியே விட்டு வைக்கலாம்.