மலையில் ட்ரோன் ஓட்டப் போகிறீர்களா? முதலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் திறந்த மேடு கிடைத்தால் போதும், இரண்டு மூன்று பேர் ரிமோட்டோடு நிற்கிறார்கள். ஒருவர் கல்யாண வீடியோக்காரர், இன்னொருவர் ஊர் சுற்றிக் காட்டும் யூடியூபர், ஓரமாக, ட்ரோன் கேமரா பார்ப்பதை அப்படியே கண்ணுக்கு நேரே காட்டும் எஃப்பிவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கல்லூரிப் பையன். மூன்று ட்ரோன்களும் ஒரே வானத்தில் சுற்றும், ஆனால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு இதுதான் எரிச்சல்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சின்ன விமானத் தளங்களில் நிஜ விமானிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பொதுவான ஒரு அலைவரிசையில், யார் கேட்கிறார்களோ இல்லையோ, "இன்ன விமானம், இன்ன திசையில் இருக்கிறேன், இத்தனை அடி உயரம், இறங்க வருகிறேன்" என்று தாங்களாகவே சொல்லிக்கொண்டு வருவார்கள். அனுமதி கொடுக்க அங்கே ஆள் இல்லை, அதனால் ஒருவருக்கொருவர் தகவல் கொடுப்பதுதான் பாதுகாப்பு. கொண்டை ஊசி வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று தெரியாமலேயே ஹாரன் அடிப்போமே, அதே கணக்கு. நம் மேட்டிலும் கோபுரம் கிடையாது. புதிதாக ட்ரோன் வாங்கியவர்கள் இந்தப் பழக்கத்தோடே ஆரம்பிப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். கேமரா செட்டிங், எடிட்டிங் எதுவும் இதில் வராது.

1. கிளம்பும் முன்: அங்கே பறக்கலாமா?

இது சலிப்பான வேலைதான், ஆனாலும் முதல் வேலை. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வான்வெளி வரைபடம் இருக்கிறது. பச்சை என்றால் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சள் என்றால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி, சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. போன மாதம் பச்சையாக இருந்தது என்று இந்த மாதம் போகாதீர்கள், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வியாபார நோக்கமில்லாமல் ஓட்டும் மைக்ரோவுக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவை வைத்துக் கல்யாணத்துக்குக் காசு வாங்கினால் அது வியாபாரம், சான்றிதழ் வேண்டும். நானோ தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

வரைபடத்தில் பச்சை என்பதால் வனத்துறை சம்மதித்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதுமலை, முக்குருத்தி, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் எல்லாம் வேறு சட்டத்தின் கீழ் வருபவை. வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கும் திசைக்கே போகாதீர்கள். தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்தில், அவரிடம் கேட்டுக்கொண்டு ஓட்டுவதுதான் புதியவருக்கு நிம்மதி.

2. போய்ச் சேர்ந்ததும்: பெட்டியைத் திறக்காமல் சும்மா நில்லுங்கள்

ஒரு பத்து நிமிடம். டீ இருந்தால் குடியுங்கள். அதற்குள் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

காற்று எப்படி அடிக்கிறது? மலைச்சரிவில் விடியற்காலைக் குளிர்ந்த காற்று கீழே பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும், வெயில் ஏறச் சரிவு சூடாகி மேல்நோக்கி வீசும். அதாவது அதிகாலையில் ட்ரோன் பள்ளத்தாக்குக்குள் போவது சுலபம், திரும்பி வருவதுதான் பாடு. புதியவர்கள் போகும்போது செலவான பேட்டரியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, வரும்போது முழிப்பார்கள்.

மின்கம்பி, கற்பூர மரம், சில்வர் ஓக் மரம் எல்லாம் எங்கே இருக்கின்றன? பருந்தோ கழுகோ வட்டமிடுகிறதா? வட்டமிட்டால் கொஞ்சம் பொறுங்கள். பாறைச் சரிவில் கறுப்பாக, அரை வட்டத்தில் ஏதாவது தொங்குகிறதா? அது மலைத்தேனீயின் அடை. ட்ரோன் இறக்கையின் காற்றும் சத்தமும் அதைக் கலைத்தால், கொட்டு வாங்கப்போவது ட்ரோன் இல்லை, கீழே நிற்கிற மனிதர்கள். அந்தப் பாறைப் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் தோட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். செடிக்கு நடுவே காட்டுமாடு மேய்வது இங்கே சர்வ சாதாரணம். தலைக்கு மேல் ட்ரோன் சத்தம் கேட்டு அது மிரண்டு ஓடினால், அதே வரிசையில் கொழுந்து பறிக்கிற அக்காமார்கள்தான் அதன் எதிரே இருப்பார்கள். காட்டுமாடு கண்ணில் பட்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் கிடையாது, அவ்வளவுதான். கொழுந்து பறிப்பவர்களை வீடியோ எடுப்பதாக இருந்தாலும் முதலில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

3. மற்றவர்களிடம் பேசுங்கள், பேட்டரி போடுவதற்கு முன்னால்

இந்தப் பதிவே இந்தப் படிக்காகத்தான். நீங்கள் கடைசியாக வந்தவர் என்றால் கேட்க வேண்டியவர் நீங்கள். ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவரின் பக்கவாட்டில், அவர் பார்வைக்குக் குறுக்கே வராமல் நின்று, அவர் கை கொஞ்சம் ஓயும்போது, "அண்ணா, நானும் போடலாமா? எந்தப் பக்கம் ஓட்டுறீங்க?" என்றால் போதும். அரை நிமிடம் ஆகும்.

எஃப்பிவி ஆட்களுக்கு இது வெறும் மரியாதை இல்லை, கட்டாயம். சாதாரண கேமரா ட்ரோன்கள் அலைவரிசையைத் தாங்களே மாற்றி மாற்றிச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் படத்தைப் பழைய டிவி போல அனலாக் அலையாக அனுப்பும் எஃப்பிவியில், ஒருவர் பறந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே சேனலில் வெறுமனே பேட்டரியைச் செருகினாலே போதும், பறப்பவரின் கண்ணாடியில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறிவிடும், அல்லது தரையில் கிடக்கும் உங்கள் ட்ரோன் பார்க்கிற புல்தான் அவருக்குத் தெரியும். ஒரு நொடி முன்பு வரை சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தவர் அவர். ஆகவே "நான் ரேஸ்பேண்ட் 1, நீ?" என்று கேட்டு, ரேஸ்பேண்ட் என்கிற அலைவரிசைத் தொகுப்பின் எட்டு சேனல்களில் ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1, 2 என்று அடுத்தடுத்து எடுக்காதீர்கள். 1, 4, 8 என்று எடுங்கள்.

மற்றவர்கள் மூன்று விஷயத்தைப் பேசிக்கொண்டால் போதும். யார் எந்தப் பக்கம், யார் எந்த உயரம், எங்கிருந்து ட்ரோனை மேலே எடுத்து எங்கே இறக்குவது. ஒருவர் 40 மீட்டருக்குக் கீழே, இன்னொருவர் 60-க்கு மேலே என்று வைத்துக்கொண்டால் நடுவில் இடைவெளி இருக்கும். ஆனால் இருவரும் வேறு வேறு மட்டத்திலிருந்து எடுத்தால் இந்தக் கணக்கு உதைக்கும். ஏன் என்று 5-இல் சொல்கிறேன்.

4. எடுக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள்

"எடுக்குறேன்!" என்று சொல்லி, சுற்றிப் பார்த்து, பிறகு மோட்டாரை ஓட விடுங்கள். இறக்கும்போது "இறக்குறேன், வழி விடுங்க!" கட்டுப்பாடு போய்விட்டால் வெட்கப்படாமல் "கன்ட்ரோல் இல்ல, மேல பாருங்க!" என்று கத்துங்கள். தனியாக நிற்கும்போதுகூடச் சொல்லிப் பழகுங்கள், இல்லையென்றால் கூட்டத்தில் வாய் வராது. சுற்றுலாப் பயணிகள் வந்து "இது எவ்ளோ ரூபா, எவ்ளோ தூரம் போகும்?" என்று ஆரம்பித்தால், "இறக்கிட்டுச் சொல்றேங்க" என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எஃப்பிவி கண்ணாடி மாட்டுபவர் பக்கத்தில் ஒரு நண்பர் வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அவர் போனைப் பார்க்கக் கூடாது.

எடுத்தவுடன் ஓடாதீர்கள். ஆளுயரத்துக்கு மேலே ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு, அதனால் அதே எடையைத் தூக்க இறக்கை இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் கரையும். மேட்டுப்பாளையத்தில் கிடைத்த நிமிடங்களை இங்கே எதிர்பார்க்க முடியாது. உறைபனி விழும் ஜனவரிக் காலையில் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகே மாட்டுங்கள். திரையில் 30 சதவீதம் காட்டும்போது தலைக்கு மேல் வந்துவிட்டிருக்க வேண்டும்.

5. மேலே: உயரம், வழி

திரையில் தெரியும் உயரம் நீங்கள் எடுத்த இடத்திலிருந்து கணக்கு. ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து இல்லை. சமவெளியில் இரண்டும் ஒன்றுதான், மலையில் ஒன்றே இல்லை. பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று எடுத்து, 20 மீட்டர் உயரத்திலேயே வெளியே ஓட்டினால், கீழே தரை 300 மீட்டர் தள்ளி இருக்கலாம். திரை 20 என்று காட்டும், 120 மீட்டர் வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள், பள்ளத்தாக்கு வழியாக ஹெலிகாப்டர் போகும் உயரத்தில் இருப்பீர்கள். இன்னொருவர் உங்களுக்கு 30 மீட்டர் கீழே உள்ள வரிசையிலிருந்து எடுத்திருந்தால், அவர் சொல்கிற 60-உம் நீங்கள் சொல்கிற 30-உம் ஒரே இடம். அதனால்தான் ஒரே மட்டத்திலிருந்து எடுங்கள் என்பது.

ரிட்டர்ன் டு ஹோம் உயரமும் இதே கதை. சிக்னல் போனால் ட்ரோன் அந்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் திரும்பும். நடுவில் மேடு ஒன்று இருந்து, மேட்டின் மேல் கற்பூர மரங்களும் இருந்தால் நேராகப் போய் மரத்தில். சுற்றிலும் எது மிக உயரமோ அதைவிடக் கூடுதலாக வையுங்கள், இடம் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள்.

இரண்டு ட்ரோன் நெருங்கினால்? விமானங்களுக்கு நல்ல தெளிவான விதிகள் உண்டு. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும், இரண்டு பேர் இறங்க வந்தால் தாழ இருப்பவருக்கு முதல் உரிமை. ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று தூரத்தில் தெரியாததால் வலப்பக்கம் என்பது நமக்கு ஒத்துவராது. ஆனால் விமானத்தால் முடியாத ஒன்று நம்மால் முடியும்: அப்படியே நிற்பது. எனவே இருவரும் நிறுத்துங்கள், வாயால் பேசுங்கள், பேட்டரி குறைவாக இருப்பவர் முதலில் நகரட்டும்.

6. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால்

எங்கே என்று தேடாதீர்கள், இறக்குங்கள். பள்ளத்தாக்கில் சத்தம் எதிரொலித்து எந்தத் திசை என்றே புரியாது, புரியும்போது தலைக்கு மேல் இருக்கும். நேராகக் கீழே, மர உயரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டுப் பிறகு தரைக்கு வாருங்கள். ஆள் இருக்கும் விமானத்துக்கே எப்போதும் முதல் வழி, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஊட்டி தீட்டுக்கல் ஹெலிபேடுக்கு முக்கியஸ்தர்கள் வருவார்கள், சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு ராணுவ ஹெலிகாப்டர்கள் வரும். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காட்டுத்தீ பிடித்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் பெரிய வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. அப்படிப்பட்ட நேரத்தில் "சூப்பர் ஷாட்" என்று யாராவது ட்ரோனை ஏற்றினால் ஹெலிகாப்டர் விலகித்தான் போக வேண்டியிருக்கும், தீ எரிந்துகொண்டிருக்கும்.

7. மேகம் ஏறினால் கடையைக் கட்டுங்கள்

மேகம் இங்கே கீழிருந்து ஏறி வரும். மேலே பார்த்து நீல வானம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கு வெள்ளையாகிவிடும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் காட்டேரி அருகே நடந்த ராணுவ ஹெலிகாப்டர் விபத்தில், பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததுதான் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. பயிற்சி பெற்ற விமானிகளுக்கே அப்படி. ட்ரோன் மேகத்துக்குள் போனால் உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் பறப்பவருக்கும் தெரியாது. போதாக்குறைக்குச் சில ட்ரோன்களின் சென்சார் அடர்ந்த மூடுபனியையே சுவர் என்று எண்ணி முன்னே வர மறுத்து நின்றுவிடும். முதலில் பார்த்தவர் "மேகம் வருது" என்று குரல் கொடுக்க, எல்லோரும் இறக்குவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

8. விழுந்துவிட்டால்

தேயிலைச் செடிக்குள் விழுந்தால் திரையில் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் தோட்டத்துச் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். செடியை மிதித்துக்கொண்டு நேராக ஓடாதீர்கள், வரிசைக்கு நடுவே வழி இருக்கும், ரத்தம் உறிஞ்சும் அட்டையும் இருக்கும். பக்கத்தில் பறந்தவர்கள் தங்கள் ட்ரோனை இறக்கிவிட்டுத் தேட உதவுவது இங்கே நல்ல வழக்கமாகி வருகிறது. விழுந்தது காட்டுக்குள் என்றால் நீங்களாக உள்ளே போகக் கூடாது, வனத்துறையிடம் கேட்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாக விபத்தைத் தெரிவித்தாக வேண்டும்.

கிடைத்த ட்ரோனை உடனே பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடாதீர்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி அரை மணி நேரம் கழித்துக்கூடப் புகையலாம். கழற்ற முடிந்தால் கழற்றி, காய்ந்த புல்லோ சருகோ இல்லாத மண் தரையிலோ பாறை மேலோ தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள். மார்ச், ஏப்ரல் மாதத்தில் இதை இன்னும் கவனமாகச் செய்யுங்கள். உப்பிப்போன பேட்டரியைக் காருக்குள் வைத்துக்கொண்டு மலை இறங்க வேண்டாம்.